ஈறுப்பைக்குள் வைக்கும் கைட்டோசான் மருந்துப் படலம்: முதல் ஆய்வுத் திட்டம் தொடங்குவோருக்கு

கைட்டோசான், ஆல்ஜினேட், ஜெலட்டின், கொலாஜன் முதலிய இயற்கைப் பலபடிகளில் (பாலிமர்களில்) மருந்தை ஏற்றி, தொற்று இருக்கும் இடத்திலேயே வைத்துவிடும் ஆய்வை முதன்முறையாகக் கையில் எடுக்கும் எம்.ஃபார்ம்., பல் மருத்துவ முதுநிலை, உயிரித் தொழில்நுட்ப மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆய்வுக் கட்டுரைகளில் செய்முறை இரண்டு பத்திகளில் முடிந்துவிடுகிறது. அந்த இரண்டு பத்திகளுக்குப் பின்னால் இருக்கும் கொள்முதல், அனுமதி, காத்திருப்பு ஆகியவற்றை எவரும் எழுதுவதில்லை. அவற்றில் திணறி வெளியே வந்த பிறகு தெரிந்துகொண்டதைத்தான் கீழே வரிசைப்படுத்தியிருக்கிறேன். எம்.ஃபார்ம். மாணவருக்கு ஆய்வுக்குக் கிடைப்பவை மூன்றாம், நான்காம் பருவங்கள் மட்டுமே. ஆகவே காலக்கணக்கை ஒவ்வொரு படியிலும் சேர்த்தே சொல்கிறேன்.

1. மருந்து வைக்கப்போகும் இடத்தை முடிவு செய்யுங்கள்

பெரும்பாலோர் "கைட்டோசானில் ஏதாவது செய்ய வேண்டும்" என்று தொடங்கிவிட்டு, அதற்குப் பொருந்தும் நோயைப் பிறகு தேடுகிறார்கள். இந்த வரிசையைத் திருப்பிப் போடுங்கள். தீக்காயம், சர்க்கரை நோயாளியின் பாதப்புண், எலும்புத் தொற்று, ஈறுப்பை என ஒவ்வோர் இடத்திலும் ஊறும் நீரின் அளவு வேறு, மருந்து தங்க வேண்டிய காலம் வேறு, வைத்த பொருளைத் திரும்ப எடுக்கும் வசதி வேறு. இந்த மூன்றும் தெரியாமல் பலபடியைத் தேர்ந்தெடுக்க வழியில்லை.

முதல் திட்டத்துக்கு ஈறுப்பையை, அதாவது ஈறு நோயில் பல்லுக்கும் ஈறுக்கும் இடையே விழும் ஆழமான பள்ளத்தை, நான் பரிந்துரைக்கிறேன். இடம் சிறியது, தேவைப்படும் மருந்து மிகக் குறைவு, ஒப்பிட்டுப் பார்க்கச் சந்தையில் ஏற்கெனவே பொருள்கள் இருக்கின்றன. ஐந்து மில்லிமீட்டர் ஆழமுள்ள ஒரு பையில் இருக்கும் நீர் ஏறத்தாழ அரை மைக்ரோலிட்டர்தான். ஆனால் அது மணிக்குச் சுமார் 40 முறை மாறிக்கொண்டே இருக்கிறது. வாய்கொப்பளிக்கும் மருந்து அவ்வளவு ஆழத்துக்குப் போவதில்லை. களிம்பாக உள்ளே செலுத்தினாலும் விரைவில் கழுவப்பட்டுவிடுகிறது. எனவே அங்கே ஒட்டிக்கொண்டு, ஒரு வாரமாவது மருந்தை விட்டுக்கொண்டிருக்கும் ஒரு பொருள் தேவைப்படுகிறது.

ஒப்பீட்டுக்கு இரண்டு பொருள்களைத் தெரிந்துகொள்ளுங்கள். டெட்ராசைக்ளின் ஏற்றிய ஆக்டிசைட் இழை எத்திலீன் வினைல் அசிட்டேட் என்ற கரையாத செயற்கைப் பலபடியால் ஆனது. பத்து நாள் கழித்து நோயாளி மறுபடி வந்து அதை எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. 1998இல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. ஒப்புதல் பெற்ற பெரியோசிப், குளூட்டரால்டிஹைடால் குறுக்குப்பிணைப்பு செய்த (சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைத்த) ஜெலட்டினில் 2.5 மி.கி. குளோர்ஹெக்சிடின் குளுக்கோனேட்டைக் கொண்டது. முதல் 24 மணி நேரத்தில் சுமார் 40 சதவீத மருந்தை விட்டு, மீதியை ஏழு முதல் பத்து நாள்களில் விட்டுத் தானே கரைந்துவிடுகிறது. இயற்கைப் பலபடியின் பயன் இங்கே தெளிவாகத் தெரிகிறது: திரும்ப எடுக்க வேண்டியதில்லை.

இடத்தில் வைத்தாலே பலன் கிடைத்துவிடும் என்று மட்டும் முன்னுரையில் எழுதிவிடாதீர்கள். ஜென்டாமைசின் ஏற்றிய கொலாஜன் பஞ்சை அறுவைக் காயத்துக்குள் வைத்துச் செய்த இரண்டு பெரிய அமெரிக்க ஆய்வுகள் 2010இல் வெளியாயின. பெருங்குடல் அறுவை செய்துகொண்ட 602 பேரிடம் நடந்த ஆய்வில், பஞ்சு வைக்கப்பட்டவர்களில் 30.0 சதவீதத்தினருக்கும் வைக்கப்படாதவர்களில் 20.9 சதவீதத்தினருக்கும் காயத்தில் தொற்று ஏற்பட்டது. இதய அறுவை செய்துகொண்ட 1,502 பேரிடம் நடந்த ஆய்வில் இரு பிரிவுக்கும் வேறுபாடே தென்படவில்லை. மருந்து நல்லது, பலபடி நல்லது, இடம் மட்டும் ஒத்துவரவில்லை என்ற நிலை இருக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. திட்ட முன்மொழிவில் இதைக் குறிப்பிட்டால், வாய்மொழித் தேர்வில் வரும் முதல் கேள்விக்கு விடை ஆயத்தமாக இருக்கும்.

2. மருந்தைத் தேர்ந்தெடுங்கள்

மருந்தும் பலபடியும் ஒன்றோடொன்று வினைபுரியுமா, அந்த மருந்தை அளக்க உங்கள் கல்லூரியில் கருவி இருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளுக்கு விடை தெரியாமல் எதையும் வாங்காதீர்கள்.

ஜென்டாமைசின் மலிவானது, நன்கு அறிந்தது என்பதால் பலரும் அதை எடுக்கிறார்கள். ஆனால் அது புறஊதா ஒளியைக் குறிப்பிடும்படி உறிஞ்சுவதில்லை. சாதாரண நிறமாலைமானியில் அளவு காட்டாது. நின்ஹைட்ரின் போன்ற வேதிப்பொருளுடன் வினைபுரியச் செய்த பிறகே அளக்க முடியும், அல்லது நுண்ணுயிர் முறையில் மதிப்பிட வேண்டும். கைட்டோசானிலும் அமினோ தொகுதிகள் இருப்பதால் நின்ஹைட்ரின் அதனோடும் வினைபுரிந்து தவறான அளவைக் காட்டும்.

டெட்ராசைக்ளின், டாக்சிசைக்ளின் இரண்டும் கால்சியத்தைப் பற்றிக்கொள்பவை. கால்சியத்தால் உறையச் செய்த ஆல்ஜினேட் குண்டுகளில் அவற்றை ஏற்றினால், மருந்தின் ஒரு பகுதி செயலற்றுப் போகும். வெளிச்சத்திலும் அவை சிதையும். எனவே வார்க்கும் தட்டு முதல் சோதனைக் குப்பி வரை அலுமினியத் தாளால் மூடியிருக்க வேண்டும்.

குளோர்ஹெக்சிடின் நேர்மின்சுமை கொண்டது. நேர்மின்சுமை கொண்ட கைட்டோசானுடன் கலந்தால் தெளிவான கரைசல் கிடைக்கும். எதிர்மின்சுமை கொண்ட ஆல்ஜினேட்டுடன் கலந்தால் வெண்மையாகத் திரிந்துவிடும். புறஊதா நிறமாலைமானியில் 254 நானோமீட்டர் அருகே நன்றாகத் தெரியும். ஆன்ட்டிபயாட்டிக் அல்லாத கிருமிநாசினி என்பதால் எதிர்ப்புத்திறன் பற்றிய கேள்விகளும் ஓரளவு குறையும். முதல் திட்டத்துக்கு இதையே எடுங்கள் என்பது என் கருத்து. இனி வரும் படிகளையும் கைட்டோசானையும் குளோர்ஹெக்சிடினையும் கொண்டே விளக்குகிறேன்.

3. பகுப்பாய்வுச் சான்றிதழைப் படித்த பிறகே கைட்டோசானை வாங்குங்கள்

கைட்டோசான் இறால், நண்டு ஓடுகளிலிருந்து பெறப்படுகிறது. ஓட்டிலுள்ள தாது உப்புகளை நீர்த்த அமிலத்திலும், புரதத்தை நீர்த்த காரத்திலும் நீக்கிக் கைட்டினைப் பிரித்து, பின்பு 40 முதல் 50 சதவீதம் அடர்த்தியுள்ள சோடியம் ஹைட்ராக்சைடில் சூடாக்கி அசிட்டைல் தொகுதிகளை அகற்றுகிறார்கள். அசிட்டைல் எவ்வளவு அகன்றது, சங்கிலி எவ்வளவு நீளமாக எஞ்சியது என்பவை ஒவ்வொரு தயாரிப்புக்கும் மாறும். ஒரே நிறுவனத்தின் ஒரே பெயருள்ள குப்பியும் வேறு தயாரிப்புத் தொகுதி (batch) எண்ணில் வரும்போது வேறு பாகுநிலையைக் காட்டக்கூடும்.

ஆகவே விலைப்புள்ளி கேட்கும்போதே அந்தத் தொகுதிக்கான பகுப்பாய்வுச் சான்றிதழையும் கேட்டு வாங்குங்கள். அதில் நீங்கள் பார்க்க வேண்டியவை: அசிட்டைல் நீக்க அளவு, பாகுநிலை (எந்தச் செறிவில், எந்த வெப்பநிலையில் அளந்தார்கள் என்பதோடு), ஈரப்பதம், சாம்பல், கன உலோகங்கள், புரத எச்சம். சாம்பல் அதிகமாக இருந்தால் தாது உப்பு சரியாக நீங்கவில்லை என்று பொருள். ஈரப்பதம் பத்து சதவீதம் என்றால், நீங்கள் எடைபோடும் 2 கிராமில் 1.8 கிராம்தான் கைட்டோசான். இந்தத் திருத்தத்தைச் செய்யாதவர்களின் முடிவுகள் மழைக்காலத்தில் ஒருவிதமாகவும் கோடையில் வேறுவிதமாகவும் இருக்கும்.

அசிட்டைல் நீக்க அளவில் ஓர் இழுபறி உண்டு. அது கூடக்கூட அமினோ தொகுதிகள் பெருகி, கிருமிகளின் மேற்பரப்பில் ஒட்டும் திறன் கூடும். ஆனால் நம் உடல் நீர்மங்களிலுள்ள லைசோசைம் என்ற நொதி அதைச் சிதைக்கும் வேகம் குறையும். பத்து நாளில் கரைய வேண்டிய படலத்துக்கு 95 சதவீதப் பொருளை வாங்கினால், அது பைக்குள்ளேயே நெடுநாள் கிடக்கலாம். 75 முதல் 85 சதவீதத்தில் தொடங்குவது பொருத்தம்.

திட்டம் முழுவதற்கும் தேவையான அளவை ஒரே தொகுதியில் வாங்கி, தொகுதி எண்ணைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். இடையில் தீர்ந்துபோய் வேறு தொகுதி வந்தால், முன்பு செய்த சோதனைகளை ஒப்பிட முடியாமல் போகும்.

4. செலவுக் கணக்கும் கொள்முதலும்

இந்தியத் தயாரிப்பான கைட்டோசானுக்கும் வெளிநாட்டு ஆய்வகத் தரப் பொருளுக்கும் கிராமுக்குக் கிராம் பத்து மடங்குக்கும் மேல் விலை வேறுபாடு இருப்பது வழக்கம். சான்றிதழ் முழுமையாக இருக்குமானால் முதல் திட்டத்துக்கு உள்நாட்டுப் பொருளே போதும். உண்மையில் பணம் போவது பலபடிக்கு அன்று. செல் வளர்ப்புக்குத் தேவையான கன்றுக்குருதி நீர், தரப்படுத்தப்பட்ட கிருமி வகைகள், எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்கள், விலங்குச் சோதனை ஆகியவற்றுக்குத்தான். விலைப்புள்ளியில் ஜி.எஸ்.டி.யும் குளிர்பெட்டிப் போக்குவரத்துக் கட்டணமும் பெரும்பாலும் சேர்க்கப்பட்டிருக்காது. இரண்டையும் எழுத்தில் கேளுங்கள்.

இறக்குமதிப் பொருளுக்கு ஆறு முதல் எட்டு வாரம் என்று வைத்துக்கொண்டு நாள்காட்டியைத் தயாரியுங்கள். கல்லூரிக் கொள்முதலில் மூன்று விலைப்புள்ளிகள், ஒப்பீட்டு அட்டவணை, வழிகாட்டியின் பரிந்துரைக் கடிதம், முதல்வர் கையொப்பம் என்ற வரிசை இருக்கும்; இதில் ஏதேனும் ஒரு தாள் குறைந்தாலும் கோப்பு அப்படியே நின்றுவிடும். தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றம் மாணவர் திட்டப்பணிகளுக்கு நிதியுதவி அளிக்கிறது. விண்ணப்பக் காலம் குறுகியது, எனவே முன்மொழிவை முன்கூட்டியே ஆயத்தமாக வைத்திருங்கள். கருவிக் கட்டணத்தைப் பொறுத்தவரை, சென்னை ஐ.ஐ.டி.யின் உயர்நிலைப் பகுப்பாய்வுக் கருவி மையம் போன்ற இடங்களில் கல்வி நிறுவனங்களுக்குத் தனிக் கட்டணம் உண்டு. துறைத்தலைவரின் கடிதம் இணைத்தால்தான் அது கிடைக்கும். வரிசையில் காத்திருப்பு இருக்கும் என்பதால், மாதிரி கைக்கு வரும் முன்பே பதிவு செய்துவிடுங்கள்.

5. அனுமதிகளுக்கு முதல் மாதத்திலேயே விண்ணப்பியுங்கள்

காலம் மிகுதியாக வீணாவது இங்கேதான். படலத்தைச் செய்து முடித்த பிறகு அனுமதி கேட்கலாம் என்று நினைப்பவர்கள், படலம் காய்ந்து கிடக்கக் குழுக் கூட்டத்துக்காகக் காத்திருக்கிறார்கள்.

நோயாளியின் ஈறிலிருந்து மாதிரி எடுத்துக் கிருமியைப் பிரிப்பதானாலும், பிடுங்கிய பற்களைப் பயன்படுத்துவதானாலும் நிறுவன நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். "வீணாகப் போகும் பல்தானே" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஆய்வு நெறிமுறை, நோயாளிக்கான தகவல் தாள், ஒப்புதல் படிவம் ஆகியவை தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். தமிழ்ப் படிவம் நோயாளி படித்தால் புரியும்படி இருக்கிறதா என்று துறைக்கு வெளியே ஒருவரிடம் காட்டிச் சரிபாருங்கள். படலத்தை நோயாளியிடம் சோதிப்பது முதுநிலைத் திட்டத்தின் எல்லைக்குள் பெரும்பாலும் வராது. வருமானால், இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே பதிவு செய்ய வேண்டும். புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனைகள் விதிகள், 2019 என்ன கேட்கின்றன என்பதை நெறிமுறைக் குழுச் செயலரிடம் எழுத்தில் பெறுங்கள்.

எலி, முயல் சோதனைக்கு நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி தேவை. அந்தக் குழு, விலங்குச் சோதனைகளைக் கண்காணிக்கும் மத்திய அரசுக் குழுவான சி.சி.எஸ்.இ.ஏ.வில் பதிவு பெற்ற விலங்குக் கூடத்தின் குழுவாக இருக்க வேண்டும். விண்ணப்பத்தில் விலங்குகளின் எண்ணிக்கைக்குப் புள்ளியியல் காரணம் காட்ட வேண்டும். "ஒரு பிரிவுக்கு ஆறு" என்று மட்டும் எழுதினால் திருப்பி அனுப்பப்படும். வெளியிலிருந்து வரும் நியமன உறுப்பினர்களின் வசதியைப் பொறுத்தே கூட்டம் கூடும் என்பதால், ஒரு கூட்டத்தைத் தவறவிட்டால் மாதக்கணக்கில் தாமதமாகும். உங்கள் கேள்விக்கு விலங்கில்லாமலே விடை கிடைக்குமானால் அந்தப் பகுதியையே விட்டுவிடுங்கள். முதல் திட்டத்துக்கு அதுவே போதும்.

நோய்க்கிருமிகளைக் கையாள நிறுவன உயிரிப் பாதுகாப்புக் குழுவுக்குத் தெரிவித்து, கழிவுகளை 2016ஆம் ஆண்டு உயிர்மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி ஆய்வகத்திலேயே கிருமிநீக்கம் செய்து அனுப்ப வேண்டும். எம்.டி.சி.சி. எனப்படும் சண்டிகர் கிருமிச் சேமிப்பகத்திலிருந்து வகைகளைப் பெறும்போது, நிறுவனத் தலைப்புத்தாளில் பயன்பாட்டு உறுதிமொழியும் இணைத்து அனுப்புங்கள்.

ஒன்றை எல்லாப் படிவங்களிலும் மறைக்காமல் எழுதுங்கள்: பலபடியின் மூலம். கைட்டோசான் ஓட்டுடலிகளிலிருந்து வருகிறது. ஜெலட்டினும் கொலாஜனும் மாடு, பன்றி அல்லது மீனிலிருந்து வரக்கூடும். ஒவ்வாமைக்காகவும் மத, உணவுக் கட்டுப்பாட்டுக்காகவும் நோயாளிக்கு இதைத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு.

6. படலத்தை வார்க்கும் முன் கணக்குப் போடுங்கள்

ஒரு சதவீத அசிட்டிக் அமிலத்தில் இரண்டு சதவீதக் கைட்டோசானை இரவு முழுவதும் கலக்கிக் கரைத்து, மெல்லிய மல் துணியிலோ நைலான் வலையிலோ வடிகட்டி, கிளிசராலும் மருந்தும் சேர்த்து, காற்றுக்குமிழ் அடங்கும்வரை வைத்திருந்து, தட்டில் ஊற்றி 40 டிகிரி செல்சியஸில் உலர்த்துவது பொதுவான முறை. கைட்டோசான் கரைய அமிலம் தேவை, காரகாடித்தன்மை (pH) 6.5ஐத் தாண்டினால் அது கரைசலிலிருந்து பிரிந்துவிடும். கிளிசரால் பலபடி எடையில் 20 முதல் 30 சதவீதம் இருக்கலாம். கூடினால் படலம் விரலில் ஒட்டும். குறைந்தால் வெட்டும்போது உடையும்.

இப்போது கணக்கு. பெரியோசிப்பின் அளவு ஏறத்தாழ 4க்கு 5 மி.மீ., தடிமன் 0.35 மி.மீ. அதன் பரப்பு 0.2 சதுர செ.மீ. உங்கள் தட்டின் விட்டம் 9 செ.மீ. என்றால் பரப்பு 63.6 சதுர செ.மீ.; அதிலிருந்து 318 துண்டுகள் கிடைக்கும். ஒவ்வொன்றிலும் 2.5 மி.கி. மருந்து வேண்டுமானால் தட்டுக்கு 795 மி.கி. மருந்து, அதாவது 20 சதவீதக் குளோர்ஹெக்சிடின் குளுக்கோனேட் கரைசலில் ஏறத்தாழ 4 மி.லி. தேவை. நீங்கள் ஊற்றப்போவதோ 30 மி.லி. கைட்டோசான் கரைசல், அதிலுள்ள பலபடி வெறும் 600 மி.கி.தான். பலபடியைவிட மருந்து மிகுதியாகிவிட்டது. இப்படிப்பட்ட படலம் பிசுபிசுக்கும் அல்லது மருந்தை முதல் மணி நேரங்களிலேயே கொட்டிவிடும். அதே 0.35 மி.மீ. தடிமன் கிடைக்கத் தட்டில் குறைந்தது 2.2 கிராம் திடப்பொருள் இருக்க வேண்டும். எனவே ஒரு துண்டுக்கு 1 மி.கி. என்று மருந்தளவைக் குறையுங்கள், அல்லது ஓர் அடுக்கு உலர்ந்தபின் மறு அடுக்கு ஊற்றுங்கள். எந்த வழியானாலும் அதன் காரணத்தை இந்தக் கணக்கோடு ஆய்வேட்டில் எழுதுங்கள். தேர்வாளர்கள் இதைத்தான் கேட்பார்கள்.

தட்டை வைக்கும் அலமாரியில் கொத்தனார்கள் பயன்படுத்தும் ரசமட்டத்தை வைத்துப் பாருங்கள். சிறிது சாய்ந்திருந்தாலும் ஒரு பக்கம் தடித்து, துண்டுக்குத் துண்டு மருந்து மாறும். உலரும்போது மருந்து விளிம்பை நோக்கி நகரக்கூடும் என்பதால், நடுவிலிருந்தும் விளிம்பிலிருந்தும் தனித்தனியாகத் துண்டு எடுத்து மருந்தளவைப் பாருங்கள். ஒரே தட்டிலிருந்து வெட்டிய மூன்று துண்டுகள் மூன்று மறுசோதனைகள் ஆகா. மூன்று தனித்தனி வார்ப்புகள் வேண்டும்.

படலத்தில் எஞ்சும் அமிலம் ஒரு பெரும் தொல்லை. அதை நீக்கச் சோடியம் ஹைட்ராக்சைடில் நனைத்துக் கழுவும்படி பல கட்டுரைகள் சொல்கின்றன. ஆனால் நீரில் கரையும் மருந்து அந்தக் கழுவலிலேயே போய்விடும். மருந்தில்லாத படலத்தை முதலில் நடுநிலையாக்கிக் கழுவிவிட்டு, பின்பு அளந்த மருந்துக் கரைசலில் ஊறவைத்து ஏற்றலாம். அல்லது வெற்றிட உலர்த்தியில் நீண்ட நேரம் வைத்து அமிலத்தைக் குறைக்கலாம். முதல் வழியில் ஏறும் மருந்து குறைவு, இரண்டாவதில் அமிலம் முழுவதும் போகாது.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கடலோர ஊர்களில் படலம் மேசைமேல் காயாது. காய்ந்ததும் தராசிலேயே ஈரத்தை இழுத்து எடை கூடிக்கொண்டிருக்கும். சிலிக்கா ஜெல் வைத்த உலர்கலனிலிருந்து எடுத்த உடனே எடைபோடுங்கள்.

தடிமன், மடிப்புத் தாங்குதிறன், வீக்க அளவு ஆகிய வழக்கமான சோதனைகளுக்கு எல்லாப் பாடநூல்களிலும் செய்முறை இருப்பதால் இங்கே விடுகிறேன்.

7. மருந்து வெளியேறுவதை அளக்கும் நீர்மம்

கல்லூரியில் இருக்கிறது என்பதற்காக 900 மி.லி. கரைப்புக் கருவியில் இந்தத் துண்டைப் போடாதீர்கள். ஈறுப்பைக்கும் அந்தக் குடுவைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. மருந்தும் கண்டறிய முடியாத அளவுக்கு நீர்த்துவிடும். சிறு மூடிக் குப்பியில் 2 மி.லி. நீர்மம், 37 டிகிரி செல்சியஸ், ஒவ்வொரு நேரப்புள்ளியிலும் நீர்மத்தை முழுமையாக மாற்றுவது என்பது பொருத்தமான ஏற்பாடு.

எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கும் பாஸ்பேட் உப்புக்கரைசல் இந்தத் துறையில் இரண்டு பொறிகளை வைத்திருக்கிறது. குளோர்ஹெக்சிடின் அதிலுள்ள குளோரைடு, பாஸ்பேட் அயனிகளோடு சேர்ந்து எளிதில் கரையாத உப்பாகப் படியும். மருந்து வெளியேறியும் வெளியேறாததுபோல் தெரியும். ஆல்ஜினேட் குண்டுகளானால் நேர் எதிரான நிலை: பாஸ்பேட் கால்சியத்தை இழுத்துக்கொள்வதால் குண்டே கரைந்து, மருந்து மிக விரைவாக வெளியேறியதுபோல் தோன்றும். தூய நீரில் ஒரு தொகுப்பும், செயற்கை உமிழ்நீரில் ஒரு தொகுப்பும் செய்து இரண்டையும் வெளியிடுங்கள். லைசோசைம் சேர்த்த மூன்றாவது தொகுப்பு, படலம் எத்தனை நாளில் சிதையும் என்பதையும் காட்டும்.

மருந்தில்லாத படலத்தை ஊறவைத்த நீர்மத்தையே வெற்றுக் கரைசலாக வையுங்கள். கசிந்துவரும் பலபடியும் குறைந்த அலைநீளத்தில் ஒளியைத் தடுக்கும். செல்லுலோஸ் வடிதாளில் குளோர்ஹெக்சிடின் ஒட்டிக்கொள்ளும் என்பதால், வடிகட்டாமல் மையவிலக்கியில் சுழற்றித் தெளியவைப்பது நல்லது.

8. கிருமிச் சோதனை

அகார் தட்டில் தடுப்பு வளையத்தை அளந்து "கைட்டோசான் கிருமியைக் கொல்கிறது" என்று எழுதும் ஆய்வேடுகள் ஏராளம். கைட்டோசான் பெரிய மூலக்கூறு, அகாரில் பரவாது. தெரியும் வளையம் மருந்தாலோ எஞ்சிய அசிட்டிக் அமிலத்தாலோ வந்தது. ஆகவே மருந்தில்லாத படலம், மருந்தில்லாத நடுநிலையாக்கிய படலம், அதே அளவு அமிலம் நனைத்த காகிதத் துண்டு ஆகிய மூன்றையும் ஒப்பீட்டுக்கு வையுங்கள். கைட்டோசானின் சொந்தக் கிருமி எதிர்ப்பு அமில நிலையில்தான் வலுவாக இருக்கும். வீங்கிய ஈறுப்பை நடுநிலையிலோ சற்றுக் காரமாகவோ இருப்பதால், பலபடியே பாதி வேலையைச் செய்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

தொடக்கச் செறிவை, கலங்கலைக் கொண்டு கிருமிச் செறிவைக் கணிக்கும் மெக்ஃபார்லண்ட் அளவுகோலில் 0.5க்கு, அதாவது மி.லி.க்கு ஏறத்தாழ 15 கோடி கிருமிகளுக்குச் சரிசெய்யுங்கள். ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ், ஈ. கோலை இரண்டும் ஒரே இரவில் வளரும். ஆனால் ஈறு நோய்க்கு அவை முதன்மைக் காரணிகள் அல்ல. போர்ஃபிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் போன்ற காற்றில்லா உயிரி வேண்டுமானால், காற்றில்லாக் கலன், ஹீமினும் வைட்டமின் கே-யும் சேர்த்த குருதி அகார், ஒரு தட்டுக்கு ஐந்து முதல் ஏழு நாள், இந்த வேலையில் பழகிய ஒருவரின் துணை ஆகியவை தேவை. உங்கள் கல்லூரியில் இவை இல்லையென்றால், அருகிலுள்ள பல் மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் துறையோடு முதல் மாதத்திலேயே எழுத்துவழி உடன்பாடு செய்துகொள்ளுங்கள். பையில் வாழும் கிருமிகள் உயிரிப்படலமாக ஒட்டி வாழ்பவை. மிதக்கும் கிருமியைக் கொல்லும் செறிவு அவற்றுக்குப் போதாது. குறைந்தது ஒரு சோதனையாவது உயிரிப்படலத்தில் செய்யுங்கள்.

9. கிருமிநீக்கமும் செல் நச்சுச் சோதனையும்

121 டிகிரி நீராவியில் கைட்டோசானின் சங்கிலி அறுந்து படலம் மஞ்சளாகும். 25 கிலோகிரே காமா கதிர்வீச்சிலும் சங்கிலி அறுபடும், ஆனால் உலர்ந்த நிலையில் சேதம் குறைவு. மும்பை டிராம்பேயிலுள்ள ஐசோமெட் போன்ற நிலையங்களுக்கு அனுப்பலாம். எத்திலீன் ஆக்சைடு எச்சத்தை விட்டுச்செல்லும். புறஊதா விளக்கு மேற்பரப்பை மட்டுமே தொடும். எந்த முறையைத் தேர்ந்தெடுத்தாலும், அந்த முறைக்கு உட்பட்ட படலத்தைக் கொண்டே மருந்து வெளியேற்றத்தையும் கிருமிச் சோதனையையும் செய்யுங்கள். கிருமிநீக்கத்துக்கு முந்தைய படலத்தின் முடிவுகளைத் தந்துவிட்டு, "பின்னர் காமா கதிரூட்டலாம்" என்று ஒரு வரி எழுதுவது ஏற்கப்படாது.

செல் நச்சுச் சோதனைக்கு ஐ.எஸ்.ஓ. 10993-5 வழிகாட்டி; செல்களின் உயிர்ப்பு ஒப்பீட்டில் 70 சதவீதத்துக்குக் கீழே போனால் நச்சுத்தன்மை உள்ளதாகக் கொள்ளப்படும். 0.5 மி.மீ.க்குக் குறைந்த தடிமனுக்கு ஒரு மி.லி. ஊடகத்துக்கு 6 சதுர செ.மீ. என்பது சாறெடுக்கும் விகிதம். கைட்டோசான் படலம் ஊடகத்தையே உறிஞ்சிவிடுவதால், எவ்வளவு உறிஞ்சும் என்று தனியாக அளந்து அதைக் கூடுதலாகச் சேர்க்க வேண்டும். ஊடகத்தின் சிவப்பு நிறம் மஞ்சளானால் அது அமில எச்சம். செல்லைக் கொன்றது பலபடி அன்று. குளோர்ஹெக்சிடினும் செல்களைத் தாக்கும் என்பதால், மருந்தில்லாத படலத்தின் முடிவைத் தனியே காட்டுங்கள். குறுக்குப்பிணைப்புக்கு ஜெனிபின் பயன்படுத்தியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அது தரும் நீலநிறம், செல்களின் உயிர்ப்பை நிற மாற்றத்தால் அளக்கும் எம்.டி.டி. சோதனையைக் கெடுக்கும்.

10. நிலைப்புத்தன்மையும் காப்புரிமையும்

விரைவுபடுத்திய நிலைப்புச் சோதனை 40 டிகிரி, 75 சதவீத ஈரப்பதத்தில் ஆறு மாதம் நடக்க வேண்டும். கலவையை இறுதி செய்த வாரமே துண்டுகளை அலுமினியப் பைகளில் அடைத்து அறைக்குள் வைக்காவிட்டால், ஆய்வேடு ஒப்படைக்கும் நாளில் மூன்று மாத முடிவுதான் கையில் இருக்கும். அசிட்டேட் நிலையிலுள்ள கைட்டோசான் படலம் சேமிப்பில் மெல்ல மெல்லக் கரையாத நிலைக்கு மாறும். எனவே மருந்தளவோடு வீக்க அளவையும் ஒவ்வொரு மாதமும் பாருங்கள்.

காப்புரிமை எண்ணம் இருந்தால், சுவரொட்டி அரங்கில் காட்டும் முன்பே, ஆய்வேட்டை நூலகத்தில் வைக்கும் முன்பே விண்ணப்பம் போய்விட வேண்டும். இந்தியாவில் தனிநபருக்கும் கல்வி நிறுவனத்துக்கும் இணையவழி விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய். தற்காலிக விவரக்குறிப்போடு தொடங்கினால் 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பு தர வேண்டும். விண்ணப்பத்தைப் பரிசீலிக்கக் கோரும் மனுவுக்குத் தனிக் கட்டணம் உண்டு. 2024 திருத்தத்துக்குப் பின் அதற்கான காலவரம்பு 31 மாதம். தெரிந்த பலபடியோடு தெரிந்த மருந்தைக் கலப்பது, காப்புரிமைச் சட்டத்தின் 3(e) பிரிவின்படி வெறும் கலவை என்று மறுக்கப்படலாம். தனித்தனியாகக் கிடைக்காத ஒரு விளைவு சேர்க்கையில் கிடைக்கிறது என்று காட்டும் எண்கள் உங்களிடம் இருக்க வேண்டும். அதற்குத்தான் எட்டாம் படியில் சொன்ன ஒப்பீட்டுப் படலங்கள். உள்நாட்டு இறால், நண்டு ஓடுகளிலிருந்து நீங்களே பலபடியைப் பிரித்திருந்தால், உயிர்மப் பொருள் எங்கிருந்து வந்தது என்பதை விவரக்குறிப்பில் தெரிவிக்க வேண்டும். சென்னைத் தரமணியிலுள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் நடைமுறை உங்களுக்குப் பொருந்துமா என்பதையும் விண்ணப்பத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள். ஓடு வாங்கிய இடத்தின் ரசீதும் தேதியும் அப்போது தேவைப்படும்.